நார் கலந்த சுவர் வெயிலைத் தடுக்குமா?

மும்பையிலோ ஆமதாபாத்திலோ டில்லியிலோ ஒற்றை அறையில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கோடையில் பகல் வெயிலைக்கூடப் பொறுத்துக் கொள்ளலாம், ராத்திரிதான் பொல்லாதது. சூரியன் மறைந்து மூன்று நான்கு மணி நேரம் ஆன பிறகும் மேற்குச் சுவரில் முதுகைச் சாய்க்க முடியாது. மின்விசிறி சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவர் தூக்கமில்லாமல் புரண்டு கொண்டிருப்பார்.

இது சௌகரியத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல. 2010ஆம் ஆண்டு மே மாதம் ஆமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரே மாதத்தில், மற்ற ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டால், 1,300 பேருக்கு மேல் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. அதன் பிறகுதான், 2013ல், அந்த நகராட்சி வெப்பத்தைச் சமாளிப்பதற்கென்றே ஒரு திட்டம் வகுத்தது. நாம் குடியிருக்கும் சுவரும் கூரையும் எப்படிப்பட்டவை என்பது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்று அப்போது பலருக்கும் உறைத்தது.

இந்த நிலையில்தான், "காங்கிரீட்டில் தேங்காய் நாரைக் கலந்து கட்டினால் வீடு குளுகுளுவென்று இருக்கும்" என்ற பேச்சு அடிபடுகிறது. நார் கலந்த பலகைகளும் கற்களும் விற்பனைக்கு வருகின்றன. ஊரில் வீடு கட்டப் பணம் சேர்த்துக் கொண்டிருப்பவர்கள் இதை நம்பலாமா என்று கேட்கிறார்கள். கட்டட வேலை செய்யும் நம் கொத்தனார்களுக்கும் இதே சந்தேகம் உண்டு.

சுருக்கமாகப் பதில் சொன்னால், இந்தப் பேச்சில் பாதி உண்மை. எந்தப் பாதி உண்மை என்று தெரியாமல் பணத்தைப் போட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

சுவர் ஏன் இரவில் சுடுகிறது?

வெப்பம் ஒரு பொருளின் வழியே எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளக்க விஞ்ஞானிகள் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். அந்த எண் பெரிதாக இருந்தால் வெப்பம் சுலபமாகப் பாயும். சிறிதாக இருந்தால் தடுமாறும். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு இந்த எண் சுமார் 1.6. சுட்ட செங்கல்லுக்குச் சுமார் 0.8. அதாவது, ஒரே கனத்தில் செங்கல்லைவிடக் காங்கிரீட் இரண்டு மடங்கு வெப்பத்தை உள்ளே விடுகிறது.

இதோடு விஷயம் முடியவில்லை. செங்கல்லும் காங்கிரீட்டும் கனமான பொருள்கள். அவை பகலெல்லாம் வெப்பத்தை வாங்கித் தம்முள் சேர்த்து வைத்துக் கொள்கின்றன. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் வெளிப்பக்கத்தில் பிற்பகலில் அடித்த வெயில், உள்பக்கம் வந்து சேர ஏழெட்டு மணி நேரம்கூட ஆகும். நாம் பாய் விரித்துப் படுக்கும் நேரமும் சுவர் வெப்பத்தைக் கக்கும் நேரமும் ஒன்றாக அமைந்து விடுவது இதனால்தான்.

நம் நாட்டில் கோடைக் காலத்தில் தெற்குச் சுவரைவிடக் கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும்தான் அதிக வெயிலை வாங்குகின்றன. காலை வெயில் கிழக்கில் விழும்போது காற்று அவ்வளவு சூடாக இருப்பதில்லை. மேற்குச் சுவருக்கோ ஏற்கெனவே கொதித்துப் போன பிற்பகலில் வெயில் சாய்வாக முகத்தில் அடிக்கிறது. ஆகவே சுவரைப் பற்றிக் கவலைப்படுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மேற்குச் சுவரை.

தடுப்பது நாரா, காற்றா?

அசையாமல் அடைபட்டுக் கிடக்கும் காற்றுக்கு அந்த எண் வெறும் 0.025தான். காங்கிரீட்டைவிட 60 மடங்கு குறைவு! உலகத்தில் மலிவாகக் கிடைக்கும் வெப்பத் தடுப்புப் பொருள் எது என்றால், அசையாத காற்று என்றே சொல்ல வேண்டும். கம்பளிப் போர்வை குளிரைத் தடுப்பதும், ஓலைக் கூரை வெயிலைத் தடுப்பதும், உள்ளே சிக்கியிருக்கும் காற்றால்தான்.

நாரின் வேலை அந்தக் காற்றைப் பிடித்து வைப்பது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் நார்களுக்கு இடையே ஆயிரக்கணக்கான சிறு இடைவெளிகள் இருக்கின்றன. அவற்றில் காற்று அசையாமல் தங்குகிறது. ஆகவே நார் நெருக்கமில்லாமல், இடைவெளி விட்டு நிற்கும் பொருள்தான் வெப்பத்தைத் தடுக்கும்.

இப்போது சாதாரண காங்கிரீட்டை எடுத்துக் கொள்வோம். சிமெண்ட், மணல், ஜல்லி எல்லாம் சேர்த்துக் குலுக்கி, காற்றே இல்லாமல் இறுக்கித்தான் காங்கிரீட் போடுகிறோம். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு நாரைக் கலந்தால் என்ன ஆகும்? மீதி தொண்ணூற்றொன்பது பங்கும் அதே காங்கிரீட்தான். வெப்பம் அதன் வழியே பழையபடி தாராளமாகப் போகும். நாரைச் சுற்றிலும் சிமெண்ட் இறுகிவிடுவதால் காற்று தங்க இடமும் குறைவு.

அப்படியானால் அந்த நாரால் பயனே இல்லையா? உண்டு. காங்கிரீட்டிலும் பூச்சிலும் வெடிப்பு விழாமல் நார் இழுத்துப் பிடிக்கும். ஒரு வெடிப்பு விழுந்தாலும் அது நீண்டு பெரிதாகாமல் குறுக்கே நின்று தாங்கும். அடி விழுந்தால் சட்டென்று உதிராது. இவை நல்ல குணங்கள்தான். ஆனால் இவற்றுக்கும் குளிர்ச்சிக்கும் அதிகச் சம்பந்தம் இல்லை. வெடிப்பைத் தடுக்கும் பொருளைக் குளிர்ச்சி தரும் பொருள் என்று சொல்லி விற்பதில்தான் மோசம் இருக்கிறது.

நாரை அதிகமாகவும் சிமெண்டைக் குறைவாகவும் போட்டு, அழுத்தி இறுக்காமல், இலேசான பலகையாகவோ நிரப்புக் கலவையாகவோ செய்யும்போது கதையே வேறு. அங்கே நார்தான் பொருள். சிமெண்டோ சுண்ணாம்போ நாரை ஒட்டவைக்கும் பசை மட்டுமே.

ஒரு அங்குலமும் பத்து அங்குலமும்

இந்த வகையில் நன்றாகப் பரிசோதிக்கப்பட்ட பழைய பொருள் மரநார்ப் பலகை. மரத்தை நூடுல்ஸ் மாதிரி நீள நீளமாகச் சீவி, சிமெண்ட் போன்ற ஒரு பசையில் புரட்டி, அச்சில் இட்டு எடுப்பார்கள். 1908ல் ஆஸ்திரியா நாட்டில் பிறந்த யோசனை இது. நம் நாட்டிலும் இதற்கு ஐ.எஸ். 3308 என்ற தர விதி இருக்கிறது. பழைய சினிமாத் தியேட்டர்களின் உட்சுவரிலும் கூரையிலும் சேமியா ஒட்டியது போல ஒரு சொரசொரப்பான பலகையைப் பார்த்திருப்பீர்கள். எதிரொலியை அடக்குவதற்காகப் பதித்த மரநார்ப் பலகை அது. சத்தத்தை அடக்கும் அதே பொந்துகள் வெப்பத்தையும் தடுக்கின்றன.

இலேசான மரநார்ப் பலகைக்கு அந்த எண் சுமார் 0.08. செங்கல்லுக்கு 0.8 என்று பார்த்தோம். ஆகவே ஒரு அங்குல மரநார்ப் பலகை, பத்து அங்குலச் செங்கல் தடுக்கும் வெப்பத்தைத் தடுக்கும். காங்கிரீட்டோடு ஒப்பிட்டால் இருபது அங்குலத்துக்குச் சமம்!

நம் அறைக்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தடிக்குப் பத்தடி மேற்குச் சுவர். நாலரை அங்குலச் செங்கல், மேலே பூச்சு. வெயிலில் வெளிப்பக்கம் 50 டிகிரி, அறைக்குள் 32 டிகிரி என்று வைத்துக் கொள்வோம். இந்த நிலை நீடித்தால் அந்த ஒரு சுவர் வழியாக மட்டும் 500 வாட்டுக்குக் குறையாமல் வெப்பம் உள்ளே வரும். நூறு வாட் குண்டு பல்புகள் ஐந்தை அறைக்குள் எரியவிட்ட மாதிரி! அதே சுவரில் இரண்டு அங்குல மரநார்ப் பலகையைப் பதித்தால் அது 200 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஐந்து பல்பு இரண்டு பல்பாகக் குறைகிறது.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு பொருளையும் வைத்துப் பார்ப்பது அவசியம். இப்போது கடைகளில் 'பைபர் சிமெண்ட் போர்டு' என்று வழவழப்பான, கெட்டியான தகடுகள் கிடைக்கின்றன. கூழாக்கிய மரநாரும் சிமெண்டும் சேர்ந்தவை. தடுப்புச் சுவர் கட்டவும், பொய்க் கூரை போடவும் உதவும் நல்ல பொருள்தான். ஆனால் இவை இறுக்கி அழுத்தப்பட்டவை; கனமும் எட்டு மில்லிமீட்டர், பத்து மில்லிமீட்டர்தான். இதைச் சுவரோடு ஒட்டிப் பதித்தால் வெப்பம் அதிகம் குறையாது. சுவருக்கும் தகடுக்கும் நடுவே ரீப்பர் அடித்து ஒரு அங்குல இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்று ஓடாமல் அடைத்தால் பலன் தெரியும். அந்த ஒரு அங்குலக் காற்று, ஏறக்குறைய நாலரை அங்குலச் செங்கல் சுவருக்குச் சமம். பலன் தருவது இங்கேயும் காற்றுதான்.

பழையவர்கள் அறிந்த வித்தை

மண்ணோடு நாரைச் சேர்ப்பது நேற்று வந்த கண்டுபிடிப்பு அல்ல. நம் கிராமங்களில் சுவர் வைக்க மண் குழைக்கும்போது வைக்கோலை வெட்டிப் போட்டு மிதிப்பது வழக்கம். நெல் கொட்டி வைக்கும் குதிருக்கும் மண்ணோடு வைக்கோலோ உமியோ சேர்ப்பார்கள். காயும்போது மண் வெடிக்காமல் அது காப்பாற்றியது. மண் சுவர் கனமாகவும் இருந்ததால் வீடு பகலில் குளிர்ந்திருந்தது.

மகாராஷ்டிரத்தில் இருக்கும் வாசகர்கள் எல்லோராக் குகைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஓவியம் தீட்டுவதற்காகப் பாறையின் மேல் பூசப்பட்ட பூச்சை ஆராய்ந்ததில், களிமண்ணோடும் சுண்ணாம்போடும் கஞ்சாச் செடியின் தண்டும் நாரும் கலக்கப்பட்டிருப்பது தெரிய வந்தது. இந்த ஆய்வு 2016ல் வெளியாயிற்று. அஜந்தாவில் பூச்சிகள் அரித்துப் பல ஓவியங்கள் பாழாகியிருக்க, எல்லோராவில் அத்தகைய சேதம் காணப்படாததற்கு இந்தக் கலவையே காரணம் என்று அதை ஆராய்ந்தவர்கள் கருதினார்கள்.

பழைய கலவைகளில் எல்லாம் நாருக்குத் துணையாக இருந்தவை மண்ணும் சுண்ணாம்பும் என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் இன்று நாரைப் போடுவது சிமெண்டில். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சிமெண்டுக்கும் நாருக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை?

சிமெண்ட் கடுமையான காரத்தன்மை உள்ளது. கையுறை இல்லாமல் கலவை அள்ளும் சித்தாள்களின் விரல்கள் வெந்து புண்ணாவதே இதற்குச் சாட்சி. தோலைத் தின்னும் அந்தக் காரம் நாரையும் தின்னும். தேங்காய் நாராகட்டும், கத்தாழை நாராகட்டும், ஈரமும் காரமும் சேர்ந்த இடத்தில் நாளடைவில் முறுக்குப் போல மொறுமொறுவென்று ஆகிவிடும். இழுவைப் பலம் போய்விடும். 1983ல் ஸ்வீடன் நாட்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதை விரிவாக எடுத்துக்காட்டியது. சிமெண்டில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மிக நுண்ணிய சிலிகாத் தூளைச் சேர்த்தால் காரம் தணிந்து நார் அதிக நாள் தாங்கும் என்றும் அது கண்டது.

அப்படியானால் எல்லா இடத்திலும் காரத்தைத் தணித்து விடலாமே என்று தோன்றும். கூடாது. காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது அந்தக் காரத்தால்தான். காரம் போனால் கம்பி துருவேறி உப்பி, காங்கிரீட்டைப் பிளந்து விடும். கம்பிக்குக் காரம் வேண்டும். நாருக்குக் காரம் ஆகாது. ஆகவே தூண், உத்தரம், தளம் ஆகிய பாரம் தாங்கும் இடங்களில் எவரோ சொன்னார் என்று இயற்கை நாரைக் கலப்பது ஆபத்தான காரியம். பொறியாளர் கணக்குப் போட்டுத் தராத எந்தப் பொருளையும் அங்கே சேர்க்கக் கூடாது.

இரண்டாவது சங்கடம் தண்ணீர். காய்ந்த தேங்காய் நார் தன் எடையளவுக்கே தண்ணீர் குடிக்கும். உலர்ந்த நாரைக் கலவையில் போட்டால், சிமெண்ட் இறுகுவதற்கு வேண்டிய தண்ணீரை அது உறிஞ்சிவிடும். பிறகு நார் காய்ந்து சுருங்கும்போது சிமெண்டிலிருந்து விட்டுக் கொடுத்து விடும்.

மூன்றாவது சங்கடம் சர்க்கரை. தாவர நாரில் இருக்கும் இனிப்புச் சத்தும் கறையும் சிமெண்டை இறுகவிடாமல் தாமதப்படுத்தும். கரும்புச் சக்கையில் இது மிக அதிகம். நம் ஊர்ப் பழைய கொத்தனார்கள் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தார்கள். அது சுண்ணாம்புக்கு நல்லது. அதே வெல்லத் தண்ணீர் சிமெண்டில் விழுந்தால் கலவை கெட்டியாகாமல் பல்லிளித்து விடும்.

ஆகவே, பூச்சில் வெடிப்பு விழாதிருக்க நார் சேர்க்க விரும்பும் கொத்தனார்கள் சில முறைகளைக் கைக்கொள்ள வேண்டும். நாரைத் தூசும் சோறும் போக உதறி, ஒன்றிரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்க வேண்டும். தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். ஓர் இரவு ஊறவைத்து வடித்து, ஈரத்தோடு ஆனால் சொட்டாமல் கலவையில் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் உருண்டை கட்டிக் கொள்ளும். அந்த உருண்டை இருக்கும் இடமே சுவரின் பலவீனமான இடமாகிவிடும்.

ஆஸ்பெஸ்டாஸ் தந்த பாடம்

சிமெண்டில் நாரைச் சேர்த்து உலகமெங்கும் விற்றுப் பெயர் வாங்கிய பொருள் ஒன்று உண்டு. அதுதான் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். 1900ஆம் ஆண்டு வாக்கில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்செக் என்பவர் இதைத் தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஆஸ்பெஸ்டாஸ் செடியில் விளையும் நார் அல்ல. பாறையிலிருந்து எடுக்கும் நார். காரம் அதை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அதன் தூசி நுரையீரலில் புகுந்து, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நிச்சயமாகத் தெரிந்தபின் நாடுகள் ஒவ்வொன்றாக அதைத் தடை செய்தன. பிரிட்டன் 1999ல் தடை செய்தது. ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு முழுவதும் 2005ல் தடை வந்தது.

அப்போது உலகம் மீண்டும் செடி நாரை நாடியது. காகிதம் செய்யும் மரக்கூழ் நாரைச் சிமெண்டில் கலந்து தகடு செய்தார்கள். நம் நாட்டில் ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், தேங்காய் நார்க் கழிவையும் சிமெண்டையும் கலந்து கூரைத் தகடு செய்யும் முறையை உருவாக்கியது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மலைபோல் குவியும் நார்க் கழிவுக்கு அது ஒரு வழி காட்டியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் அறையின் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால், அதை ரம்பத்தால் அறுக்கவோ, துளை போடவோ, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ வேண்டாம். கிடக்கும்வரை கிடக்கட்டும். உடைந்த துண்டுகளைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் போடாதீர்கள். தூசி எழுவதில்தான் முக்கியமான ஆபத்து.

கஞ்சாத் தண்டில் ஒரு வீடு

மரநார்ப் பலகையைப் போல நார் மிகுந்த இன்னொரு பொருள், 1980களில் பிரான்ஸ் நாட்டில் உருவானது. போதை தராத வகைக் கஞ்சாச் செடியின் தண்டை நொறுக்கி, சுண்ணாம்பில் கலந்து, மரச் சட்டங்களுக்கு நடுவே நிரப்பிச் சுவர் எழுப்புகிறார்கள். ஓர் அடி கனத்தில் சுவர் இருந்தாலும் எடை மிகக் குறைவு. வெப்பத் தடுப்பில் இது மரநார்ப் பலகைக்கு நிகரானது. சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பு இருப்பதால் ஈரத்தை வாங்கி, பிறகு மெல்ல வெளியே விடுகிறது. இந்தியாவில் உத்தராகண்ட் மாநிலத்தின் பௌரி கடுவால் பகுதியில் இத்தகைய வீடு கட்டப்பட்டிருக்கிறது.

இதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்தச் சுவர் பாரம் தாங்காது. கூரையின் எடையை மரச் சட்டமோ தூணோதான் தாங்க வேண்டும். நன்றாக உலர வாரக் கணக்கில், சில இடங்களில் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். மும்பை மாதிரி நான்கு மாதம் விடாமல் மழை பெய்யும் ஊரில் மழைக்கு முன்னே ஆரம்பித்து உலர விட்டால்தான் உண்டு.

ஈரம் என்ற எதிரி

மழை என்றதும் நினைவுக்கு வருவது ஈரம். நார்ப் பலகையின் பொந்துகளில் காற்று இருக்கும்வரை அது வெப்பத்தைத் தடுக்கும். நனைந்தால் அந்த இடத்தில் தண்ணீர் புகுந்து கொள்கிறது. தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆகவே ஓதம் ஏறும் சுவரில் நார்ப் பலகையைப் பதித்தால் குளிர்ச்சி கிடைக்காது. பூஞ்சை பூத்து நாற்றமடிக்கும். குழந்தைகளுக்கு இளைப்பு வரும். முதலில் சுவரில் நீர் கசியும் இடத்தைச் சரி செய்ய வேண்டும். பலகை அதற்குப் பிறகுதான்.

நெருப்பையும் மறக்கக் கூடாது. சிமெண்ட் பூசிய மரநார்ப் பலகை எளிதில் பற்றாது. ஆனால் காசு மிச்சம் என்று வெறும் தேங்காய் நார் மெத்தையையோ கோணிப் பையையோ சுவரில் ஆணி அடித்துத் தொங்க விடுகிறவர்கள் உண்டு. அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் இது நெருப்பை விலைக்கு வாங்குவதாகும். சிமெண்டோ சுண்ணாம்போ மூடாத நார் அறைக்குள் இருக்கவே கூடாது.

வாடகை அறையில் என்ன செய்யலாம்?

வாடகைக்கு இருப்பவர் சுவரை இடித்துக் கட்ட முடியாது. அவர் முதலில் செலவழிக்க வேண்டிய இடமும் சுவர் அல்ல. மேல் மாடியிலோ, தகரக் கூரையின் கீழோ இருந்தால் வெப்பத்தின் பெரும்பகுதி தலைக்கு மேலிருந்து வருகிறது. கூரையின் மேல் வெள்ளை அடிப்பதே குறைந்த செலவில் கூடுதல் பலன் தரும். ஆமதாபாத்தில் ஏழைகள் குடியிருப்புகளில் இதையே நகராட்சி செய்து பார்த்தது.

அதற்கு அடுத்தபடி மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் நிழல் விழச் செய்வது. ஒரு மூங்கில் தட்டி, சுவரிலிருந்து நாலைந்து அங்குலம் தள்ளிக் கட்டினாலும் போதும். வெயில் தட்டியில் விழும், சுவர் தப்பும்.

இவற்றுக்குப் பிறகும் கையில் பணம் இருந்து, வீட்டுக்காரரும் சம்மதித்தால், மேற்குச் சுவருக்கு மட்டும் உள்பக்கம் மரநார்ப் பலகை பதிக்கலாம். நாலு சுவருக்கும் வேண்டியதில்லை. பத்தடி அறையில் இரண்டு அங்குலம் போவதால் இழக்கும் இடம் இரண்டு சதுர அடிக்கும் குறைவுதான். ராத்திரி மட்டும் தங்கும் அறைக்கு உள்பக்கம் பதிப்பதில் ஒரு லாபமும் உண்டு: சூடேறிய செங்கல் பலகைக்கு வெளியே நின்றுவிடும், ஜன்னலைத் திறந்தால் அறை சீக்கிரம் ஆறும்.

ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு

வருஷக் கணக்காக வெளி மாநிலத்தில் உழைத்து, திருநெல்வேலிப் பக்கமோ தர்மபுரிப் பக்கமோ ஒரு வீடு கட்டப் பணம் சேர்ப்பவர்கள் நம்மில் ஏராளம். சுவரைப் புதிதாகவே எழுப்பப் போகும் அவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

முதலில், மேற்கே நீளமான சுவர் வராதபடி வீட்டைத் திருப்பிப் போட முடியுமா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். அதற்குக் காசு செலவில்லை. குளியலறை, மாடிப்படி, சாமான் அறை இவற்றை மேற்கே தள்ளினால் படுக்கை அறை தப்பும்.

இரண்டாவது, செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவே பொந்து விட்டுக் கட்டும் முறையை யோசியுங்கள். கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை இது. 'ராட் டிராப் பாண்ட்' என்று கொத்தனார்கள் சொல்வார்கள். ஒன்பது அங்குலச் சுவருக்குச் செங்கல் கால்பங்கு மிச்சமாகும். பொந்தில் காற்றும் அடைபட்டு நிற்கும். நார் தரும் பலனில் ஒரு பங்கை நார் இல்லாமலேயே பெறலாம்.

மூன்றாவது, தென்னை நார் தாராளமாகக் கிடைக்கும் பொள்ளாச்சி வட்டாரம் போன்ற இடமானால் சுண்ணாம்புப் பூச்சிலோ மண் பூச்சிலோ நார் சேர்க்கலாம். வெடிப்பு குறையும். ஆனால் பூச்சு அரை அங்குலம்தான் என்பதால் அதனால் வீடு குளிர்ந்து விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குளிர்ச்சிக்கு மேற்குச் சுவரில் இரண்டு அங்குலப் பலகை, கரையான் ஏறாதபடி தரைமட்டத்திலிருந்து உயர்த்தி.

வாங்கும் முன் கேளுங்கள்

2018ல் மத்திய அரசு குடியிருப்புகளுக்கென்று 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித் தொகுப்பை வெளியிட்டது. கூரை தவிர, சுவரும் ஜன்னலும் சேர்ந்து சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் வெப்பத்தை உள்ளே விடக்கூடாது என்று பெரும்பாலான பகுதிகளுக்கு அது ஓர் உச்சவரம்பு வைக்கிறது. சுவரின் குளிர்ச்சியை அளந்து எண்ணில் சொல்ல முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஆகவே 'நார் கலந்தது, குளுமையானது' என்று ஒருவர் பொருளை நீட்டினால் நான்கு கேள்விகள் கேளுங்கள். வெப்பக் கடத்தல் எண் எவ்வளவு, அது எந்தப் பரிசோதனைச் சாலையில் அளந்தது? ஒரு கன மீட்டர் என்ன எடை? ஈரம் பட்டால் எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? தீப் பரிசோதனை ஆகியிருக்கிறதா?

முதல் கேள்விக்குப் பதில் 0.1க்குப் பக்கமாக இருந்தால் கவனிக்கத்தக்க பொருள். செங்கல்லின் 0.8ஐ ஒட்டி இருந்தால் செங்கல் விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம். காகிதத்தில் எண்ணே இல்லை என்றால், கையில் தூக்கிப் பாருங்கள். காங்கிரீட் மாதிரி கனத்தால் அது காங்கிரீட் மாதிரிதான் வெப்பத்தையும் கடத்தும். அந்தப் பணத்துக்குக் கூரையில் வெள்ளை அடித்து, மேற்குச் சுவருக்கு ஒரு தட்டி கட்டிக் கொள்வது மேல்.